முகத்தை மாற்றுவது லென்ஸ் அல்ல, நாம் நிற்கும் தூரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் முகப்படம் எடுப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். புதிதாக கேமரா வாங்குகிறவர்களுக்கு உதவ வேண்டும் என்ற நல்ல எண்ணம் அதில் தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் "முகத்துக்கு 85 மி.மீ. லென்ஸ்தான், அதற்கு மேலே போனால் லென்ஸ் முகத்தைத் தட்டையாக்கிவிடும், 200, 300 எல்லாம் பறவைக்கும் கிரிக்கெட்டுக்கும்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். (இந்த மி.மீ. எண் கூடக் கூட, லென்ஸ் குறுகலான பரப்பைப் பெரிதாக்கிக் காட்டும்.) நான் ஒரு சிறிய ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், கல்யாண வேலையும் உண்டு. என்னிடம் வேலை பழகும் பையன் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்து வந்து, "அண்ணே, அப்போ நம்ம 70-200ஐ வித்துடலாமா?" என்று கேட்டான். 70இலிருந்து 200 மி.மீ. வரை மாற்றிக்கொள்ளும் ஜூம் லென்ஸைச் சொல்கிறான். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். இடமில்லை என்றால் வெட்டிப் போடுங்கள், தூரம் பற்றி எழுதியதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

லென்ஸ் யாருடைய மூக்கையும் நீட்டுவதுமில்லை, கன்னத்தைத் தட்டையாக்குவதுமில்லை. கேமரா எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதுதான் அதைச் செய்கிறது. ஒருவருடைய மூக்கு நுனியிலிருந்து காது வரை 12 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையை மடக்கி 30 செ.மீ.யில் செல்ஃபி எடுத்தால் மூக்கு 30 செ.மீ.யில் இருக்கும், காது 42 செ.மீ.யில் இருக்கும். அதாவது காது விழும் அளவைவிட 40 சதவீதம் பெரிதாக மூக்கு விழும். ஒன்றரை மீட்டருக்குப் போனால் அந்த வித்தியாசம் 8 சதவீதமாகக் குறைந்துவிடும். மூன்றரை மீட்டரில் மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இந்தக் கணக்கில் லென்ஸின் மில்லிமீட்டர் எங்கேயும் வரவில்லை, பார்த்தீர்களா? அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018இல் இதையே கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். ஓர் அடி தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிட சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று. செல்ஃபியைக் காட்டி "என் மூக்கைச் சின்னதாக்குங்கள்" என்று அறுவை சிகிச்சைக்கு ஆட்கள் வர ஆரம்பித்த பிறகு வந்த கணக்கு அது.

நம்ப முடியாதவர்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே செய்து பார்க்கலாம். ஒருவரை நிற்க வைத்து, மூன்றரை மீட்டர் தள்ளி நின்று 24 மி.மீ.யில் ஒரு படம், காலை நகர்த்தாமல் அதே இடத்தில் நின்று 200 மி.மீ.யில் ஒரு படம். முதல் படத்தில் அவர் முகம் கடுகளவு இருக்கும், அதை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி இரண்டாவது படத்தின் பக்கத்தில் வையுங்கள். புள்ளி புள்ளியாக, மங்கலாக இருக்கும், ஆனால் மூக்கும் காதும் கன்னமும் அச்சு அசல் அப்படியே இருக்கும்.

அப்படியானால் டெலி லென்ஸில், அதாவது மி.மீ. எண் பெரிதாக உள்ள லென்ஸில், முகம் ஏன் நன்றாக வருகிறது? அது நம்மைப் பின்னால் தள்ளுகிறது, அதனால்தான். ஃபுல் பிரேம் கேமராவை (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கே சென்சார் உள்ளது) செங்குத்தாகப் பிடித்து, தலையிலிருந்து மார்பு வரை, அதாவது சுமார் 60 செ.மீ. உயரத்தைப் படச் சட்டம் முழுக்க நிரப்ப வேண்டும் என்றால் 35 மி.மீ. லென்ஸுக்கு 60 செ.மீ. சொச்சம் தூரத்துக்குப் போய் ஆள் மேலே விழாத குறையாக நிற்க வேண்டும். 85க்கு ஒன்றரை மீட்டர், 135க்கு இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு, 200க்கு மூன்றரை, 300க்கு ஐந்தேகால். தூரத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து சட்டத்தை நிரப்ப எந்த லென்ஸ் தோதாக இருக்கிறதோ அதை மாட்டுவதுதான் சரியான வரிசை. நம் ஆட்கள் லென்ஸை மாட்டிக்கொண்டு அது இழுத்த இடத்துக்குப் போகிறார்கள்.

பழைய ஸ்டுடியோக்காரர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை, ஆனாலும் சரியாகச் செய்தார்கள். யாஷிகா மேட் மாதிரி இரட்டைக் கண் கேமராதான் எங்கள் பக்கத்தில் ரொம்பக் காலம் ஓடியது. 80 மி.மீ. லென்ஸ், 120 ஃபிலிம் ரோல், 6க்கு 6 செ.மீ. நெகட்டிவ். இன்றைய ஃபுல் பிரேம் கணக்குக்கு மாற்றினால் அது 50 மி.மீ.யை ஒட்டிய சாதாரண லென்ஸ், டெலி கிடையாது, கழற்றி வேறு மாட்டவும் முடியாது. ஆனால் ஒரு மீட்டருக்குக் கிட்டே போனால் அது ஃபோகஸ் ஆகாது, அதனால் முகத்தின் அருகே கொண்டுபோய் வைக்கவே முடியாது. ஆளை ஸ்டூலில் உட்காரவைத்து, எட்டடி தள்ளி ஸ்டாண்டைப் போட்டு, உட்கார்ந்த ஆள் முழுசாக விழுகிற மாதிரி எடுத்துவிட்டு, இருட்டறையில் நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரை மேலே ஏற்றி முகத்தையும் தோளையும் மட்டும் தாளில் விழவைப்பார்கள். இன்று ஒருவர் 135 மி.மீ. மாட்டிக்கொண்டு அதே எட்டடியில் நின்று எடுத்தால் கிடைக்கும் முகமும் அதுவேதான், மில்லிமீட்டர் பிசகாது. வீட்டுச் சுவரில் தொங்கும் தாத்தா படத்தில் ஒரு நிதானம் இருக்கிறதே, அதில் பாதி அந்த எட்டடியால் வந்தது. மீதிப் பாதி, அசையாமல் இருங்கள் என்று அவரை மிரட்டியதால் வந்தது.

85தான் எல்லை என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. உலகத்தில் அதிகம் பேர் பார்த்த முகப்படங்களில் ஒன்று, 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகரபிக் அட்டையில் வந்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமி. பாகிஸ்தானில் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில் 1984இல் ஸ்டீவ் மெக்கர்ரி என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் எடுத்தது, நிக்கான் கேமரா, 105 மி.மீ. எஃப் 2.5 லென்ஸ் (எஃப் எண் சிறிதாக ஆக லென்ஸின் திறப்பு பெரிது). அந்த 105 பல தலைமுறைக்கு முகப்பட லென்ஸாகவே இருந்தது. 135 எஃப் 2 அப்படித்தான், 70-200 எஃப் 2.8 அப்படித்தான். ஃபேஷன் ஆட்கள் கடற்கரையில் 300 எஃப் 2.8ஐத் தூக்கிக்கொண்டு போவதும் பறவை எடுக்க இல்லை.

அதற்காக எவ்வளவு தள்ளிப் போனாலும் நல்லது என்று சொல்ல வரவில்லை. கட்டுரையாளர் சொன்ன தட்டை என்பது பொய் கிடையாது, காரணத்தைத்தான் லென்ஸ் மேல் போட்டுவிட்டார். ஐந்து மீட்டரைத் தாண்டினால் மூக்குக்கும் காதுக்கும் அளவில் வித்தியாசமே இல்லாமல் போகும், காது இரண்டும் முன்னால் வந்த மாதிரி முழுசாகத் தெரியும், கன்னம் விரியும், கழுத்து தடிக்கும். ஏற்கெனவே உருண்டை முகம் என்றால் இன்னும் உருண்டையாகும், அவர்களை நான் 85இல் ஒன்றரை மீட்டரில் வைத்து முகத்தைக் கொஞ்சம் திருப்பச் சொல்வேன். ஒடுங்கிய முகம், நீண்ட மூக்கு, அகன்ற நெற்றி, இவர்களுக்கு 200 ஒரு வரம். என் கணக்கில் பெரும்பாலான முகங்களுக்கு இரண்டிலிருந்து மூன்றரை மீட்டர். இதை யாரும் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் ஊர் முகங்களைப் பார்த்துப் பார்த்து வந்த கணக்கு.

அடுத்து பேக்ரவுண்ட். கட்டுரையில் "எஃப் எண் குறைவாக இருந்தால் பின்னணி மங்கும்" என்பதோடு நிறுத்திவிட்டார்கள், அது முக்கால் உண்மை. ஃபோகல் லெங்த்தை, அதாவது லென்ஸின் மி.மீ. எண்ணை, எஃப் எண்ணால் வகுத்தால் கிடைப்பது லென்ஸ் திறப்பின் விட்டம். 50 எஃப் 1.8க்கு 28 மி.மீ., 85 எஃப் 1.8க்கு 47, 135 எஃப் 2க்கு 67 சொச்சம், 200 எஃப் 2.8க்கு 71, 200 எஃப் 2க்கு 100. இந்த எண்ணை வைத்து என்ன செய்வது? ரொம்பத் தொலைவில் எரிகிற ஒரு விளக்கு படத்தில் வட்டமாக விரியும் இல்லையா, அந்த வட்டம் முகத்தின் பக்கத்தில் ஸ்கேல் பிடித்து அளந்த மாதிரி சரியாக இந்த விட்டம்தான் இருக்கும். முகத்தின் அகலம் 15 செ.மீ. என்றால் 50 எஃப் 1.8இல் விளக்கு மூன்று செ.மீ. பொட்டு, 200 எஃப் 2இல் பத்து செ.மீ. வட்டம், முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு.

இதில் காசில்லாதவர்களுக்கு ஒரு நல்ல சேதி ஒளிந்திருக்கிறது. பலர் தாங்கள் முதலில் வாங்கிய கேனான் கேமராவோடு சேர்த்து வாங்கிப் பையில் போட்டுவைத்திருக்கும் 55-250 லென்ஸை எடுங்கள். 250இல் எஃப் 5.6தான், "இருட்டு லென்ஸ்" என்று யாரும் மதிப்பதில்லை. வகுத்துப் பாருங்கள், 45 மி.மீ.! எல்லாரும் கொண்டாடும் 50 எஃப் 1.8ஐவிட தூரத்துப் பின்னணியை அது அதிகமாக மங்கவைக்கும், 85 எஃப் 1.8க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். காலை வெயில் இருக்கும்போது ஒரு தோப்பிலோ கண்மாய்க் கரையிலோ ஏழு மீட்டர் தள்ளி நின்று எடுத்துப் பாருங்கள். ஆனால் சுவர் முதுகை ஒட்டி இருந்தால் எந்த லென்ஸும் காப்பாற்றாது, பின்னணி தூரமாக இருந்தால்தான் இந்த வித்தை.

மங்குவதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பின்னால் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பது. 50 மி.மீ. கிடைமட்டமாக 40 டிகிரியைப் பார்க்கிறது, 200 பார்ப்பது 10 டிகிரி. நம் ஊர்த் தெருவில் 40 டிகிரிக்குள் என்னென்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்: ஃபிளெக்ஸ் பேனர், டிரான்ஸ்பார்மர், கேபிள் ஒயர், யாரோ ஒருவருடைய கண்ணீர் அஞ்சலி. 10 டிகிரிக்கு ஒரு வேப்பமர நிழல் போதும். ஓரடி இடதுபக்கம் நகர்ந்தால் கம்பம் காணாமல் போய்விடும், போட்டோஷாப்பில் உட்கார்ந்து ஒயரை அழிக்கும் வேலை மிச்சம்.

பின்னணியைப் பெரிதாக்க வேண்டும் என்றாலும் பின்னால் போவதுதான் வழி. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, 72 மீட்டர். கோபுரத்துக்கு 200 மீட்டர் முன்னால் ஒரு ஜோடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஐந்து மீட்டர் தள்ளி 25 மி.மீ.யில் எடுக்கிறீர்கள், அப்புறம் 20 மீட்டர் தள்ளிப் போய் 100 மி.மீ.யில் எடுக்கிறீர்கள். இரண்டு படத்திலும் ஜோடி ஒரே அளவுதான். முதல் படத்தில் கோபுரம் மாப்பிள்ளை உயரம்தான் இருக்கும், "நாம் முன்னால் நின்று எடுத்தோமே, அந்தக் கோபுரமா இது" என்று கேட்பார்கள். இரண்டாவதில் அவரைவிட கிட்டத்தட்ட நான்கு மடங்கு உயர்ந்து நிற்கும். லென்ஸ் தூரத்தைச் சுருக்கிவிட்டது என்று இதைத்தான் சொல்கிறார்கள், லென்ஸ் பாவம், நகர்ந்தது நாம். (அந்த 20 மீட்டருக்கு நடுவில் இரண்டு ஆட்டோ, ஒரு பசுமாடு, நான்கு டூவீலர் வராமல் இருப்பது உங்கள் பாக்கியம். விடியற்காலையில் போங்கள்.)

இப்போது கல்யாண மண்டபத்துக்கு வருகிறேன். 70-200ஐ விற்க மாட்டேன் என்று பையனிடம் சொன்னதற்கு முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. முகூர்த்த நேரத்தில் மேடையைப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராபர், பெண் வீட்டு போட்டோகிராபர், கேண்டிட் (போஸ் இல்லாத இயல்பான படம்) எடுக்க தனியாக இருவர், வீடியோ, கேமரா ஆடாமல் தாங்கும் கிம்பல் பிடித்தபடி ஒருவர், இவர்களுக்கு லைட் பிடிக்கிறவர்கள். எல்லாரிடமும் 24-70 அல்லது 16-35, எல்லாரும் மூன்றடிக்குள். கீழே உட்கார்ந்திருக்கும் சித்தி, அத்தை, மாமாவெல்லாம் பார்ப்பது எங்கள் முதுகுகளைத்தான். அந்தக் குறையைத் தீர்க்க மேடைக்கு இரண்டு பக்கமும் எல்இடி திரை வைக்கிறார்கள். முப்பதடியில் நடக்கும் தாலிகட்டை டிவியில் பார்த்துவிட்டு சாப்பிடப் போகிறார்கள். நம் தொழிலைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய சங்கடம் இது.

நடுவழியில் ஏழு மீட்டர் தள்ளி மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) போட்டு 200இல் வைத்தால் சட்டத்தின் நீளப்பக்கம் ஒன்றேகால் மீட்டரைப் பிடிக்கும். மாப்பிள்ளையின் கை, பெண்ணின் குனிந்த முகம், மூன்றாவது முடிச்சுப் போடும் நாத்தனாரின் விரல், எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மூன்றடியில் நின்று 24இல் எடுத்தால் மாலை பெரிதாக, கை பெரிதாக, முகம் எங்கேயோ பின்னால் இருக்கும். அதைவிட முக்கியம், முகத்துக்கு முன்னால் கேமரா இல்லாதபோது பெண்ணின் முகம் வேறு முகம். அவள் அப்பாவைத் தேடுவாள், தோழியைப் பார்த்துச் சிரிப்பாள், கண்ணைத் துடைப்பாள். கேண்டிட் என்று காசு வாங்கிக்கொண்டு கண்ணுக்கு நேரே லைட்டை நீட்டுகிறவர்களுக்கு அது கிடைக்காது.

இதில் சிக்கல் இல்லாமலும் இல்லை. கெட்டிமேளம் கொட்டியதும் மண்டபமே எழுந்து நிற்கும், ஏழு மீட்டரில் நிற்கிறவனுக்கு முன்னால் நூறு தலையும் அட்சதை வீசும் நூறு கையும்தான் தெரியும். அதனால் ஒரு சின்ன மேடையோ உறுதியான ஸ்டூலோ முதலிலேயே கேட்டு வாங்கிப் போட்டுவைக்க வேண்டும், அல்லது மேடையின் ஓர ஓரத்தில் இடம் பிடிக்க வேண்டும். கிட்டே நின்று வைடில், அதாவது அகலமாக, எடுக்க ஒருவர் கட்டாயம் தேவை, அந்த ஒருவரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் போதும், ஆறு பேர் எதற்கு?

குரூப் போட்டோவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் அடி வாங்குவது எப்போதும் ஓரத்தில் நிற்கிறவர்கள்தான். 24 மி.மீ.யில் சட்டத்தின் ஓரத்தில் வரும் முகம் நடுவில் இருப்பதைவிட கால்வாசி அகலமாக இழுபடும். ஓரத்தில் நிற்பது பெரும்பாலும் பருமனான பெரியம்மாவாகவே இருப்பார், அது என்ன விதியோ. 70 மி.மீ.யில் இதே இழுப்பு மூன்று சதவீதம்தான், ஆனால் ஏழு மீட்டர் அகல வரிசையை 70இல் அடக்க 13, 14 மீட்டர் பின்னால் போக வேண்டும், அந்த இடம் மேடையில் கிடையாது, கீழே இறங்கி முன்வரிசை நாற்காலிகளைத் தள்ளிவிட்டு நிற்க வேண்டும். 50 என்றால் பத்து மீட்டர் போதும். இறங்கி நிற்கிறேன், பெரியம்மாக்கள் நன்றி சொல்கிறார்கள்.

லென்ஸ் நீளமாக இருந்தால் வரும் தொல்லைகளையும் சொல்லாமல் விட்டால் நான் கடைக்காரன் மாதிரி ஆகிவிடுவேன். எடை ஒன்று. 70-200 எஃப் 2.8 ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ வரை, நிக்கானின் 200 எஃப் 2 மூன்று கிலோவை ஒட்டும். முகூர்த்தம் முடிவதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும், கை நடுங்கும். கை ஆட்டத்துக்குப் பழைய கணக்கு, 200 மி.மீ.க்கு 1/200 நொடியாவது வேண்டும், ஃபுல் பிரேமைவிடச் சிறிய கிராப் சென்சார் என்றால் 1/300. ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்பார்கள், அது நம் கை ஆட்டத்தைத்தான் பிடிக்கும், எதிரே இருப்பவர் தலையாட்டுவதைப் பிடிக்காது. சரி, 1/250 வைப்போம் என்றால் மண்டபத்து மலிவு எல்இடி விளக்குகள் சதி செய்யும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மின்னும், 1/250இல் எடுத்தால் ஒரு படம் வெளிச்சம், அடுத்த படம் மங்கல், சில சமயம் முகத்தின் குறுக்கே கோடு. 1/100இல் வைத்தால் கோடு போய்விடும், 200 மி.மீ. ஆட்டம் வந்துவிடும். புதிய கேமராக்களில் ஃபிளிக்கரைச் சமாளிக்க தனி வசதி இருக்கிறது, அது இல்லாதவர்கள் மோனோபாடும் 1/100உமாக, ஆள் அசையாத நொடிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

வெளியில் எடுத்தால் வெயில். தார் ரோட்டுக்கு மேலே மதியம் காற்று நெளியும், 300 மி.மீ.யில் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி எடுத்தால் கண் இமைகள் கரைந்த மாதிரி இருக்கும், ஃபோகஸ் சரியில்லை என்று லென்ஸை சர்வீஸுக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். காலை எட்டு மணிக்குள் அல்லது மாலையில், ரோட்டுக்கு மேல் இல்லாமல் புல் மேல், மண் மேல். அவ்வளவுதான் மருந்து.

பேச்சுதான் பெரிய தொல்லை. முழு உருவத்தை 200இல் எடுக்க பதினோரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அங்கிருந்து "தாடையைக் கொஞ்சம் இறக்குங்கள்" என்று கத்தினால் கடற்கரையில் சுண்டல் விற்பவரும் தாடையை இறக்குவார். கூச்சப்படுகிறவரை எடுக்க வேண்டும் என்றால் அவரிடம் பேசிக்கொண்டே எடுக்க வேண்டும், அதற்கு இரண்டு மீட்டருக்கு மேல் ஆகாது, அங்கே 105ஐவிட நீளமான லென்ஸ் வேலைக்கு இடைஞ்சல். குழந்தைகளுக்கு நேர் எதிர், அவர்கள் நம்மை மறக்க வேண்டும், அதனால் 200. வயதானவர்களுக்கு மறுபடி 85, 105, ஏனென்றால் அவர்களுக்குக் காது கேட்க வேண்டும்.

போனில் எடுப்பவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். போனின் மெயின் கேமரா ஃபுல் பிரேம் கணக்கில் 24, 26 மி.மீ. வைடுதான். அதை வைத்துக்கொண்டு முகத்தை நிரப்பக் கிட்டே போகாதீர்கள். ஐந்தடி தள்ளி நின்று, 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் தட்டி எடுங்கள். அந்தப் பொத்தானே இல்லாத போன் என்றால் ஐந்தடியிலேயே எடுத்து அப்புறம் வெட்டிக்கொள்ளுங்கள், எங்கள் யாஷிகாக்காரர்கள் செய்ததைத்தான் நீங்களும் செய்வீர்கள். எட்டுக்கு எட்டு அறையில், கேமராவோடு வரும் கிட் லென்ஸை 18இல் வைத்து பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் சக ஸ்டுடியோக்காரர்களுக்கும் இதே வேண்டுகோள். அறைக்குள் இடமில்லை என்றால் கதவைத் திறந்து வாசலில் நின்று எடுங்கள், ஜனங்கள் அந்த முகத்தைத்தான் விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம், இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். டெலி லென்ஸ் தரும் தூரத்தைத் தப்பாகப் பயன்படுத்துகிறவர்களும் நம்மில் நிறைய. ஞாயிற்றுக்கிழமை காலை மீன் மார்க்கெட்டிலும் கோயில் வாசலிலும் எதிர்ப்பக்கக் கடை மறைவில் நின்று 300 மி.மீ.யில் ஒரு பாட்டியின் சுருக்கங்களை எண்ணி எடுத்து, "உழைப்பு", "முதுமை", "ஏக்கம்" என்று பெயர் வைத்துப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பாட்டி அன்றைக்கு ஏக்கத்தோடு இருந்தாரா, மீன் விலை சரியாகப் படியவில்லை என்று கடுப்பாக இருந்தாரா என்று எடுத்தவருக்குத் தெரியாது. கேட்டால், "கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடும்" என்கிறார்கள். எடுத்துவிட்டாவது போய்க் கேட்கலாமே? ஸ்கிரீனைக் காட்டி, "பாட்டி, இப்படி எடுத்திருக்கேன், போடலாமா?" என்றால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு சரி என்பார்கள், சிலர் அழிக்கச் சொல்வார்கள், அழிக்க வேண்டியதுதான். கல்யாணத்தில் தூரம் நிற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். அங்கே நம்மை அழைத்திருக்கிறார்கள்.

இதற்காக கிட்டே நிற்பவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்றும் இல்லை. மேலே சொன்ன ஆப்கன் சிறுமியின் படத்தை மெக்கர்ரி கடைக்கு அந்தப் பக்கம் ஒளிந்து எடுக்கவில்லை, நேருக்கு நேர்தான். ஆனாலும் அந்தச் சிறுமியின் பெயர் ஷர்பத் குலா என்று உலகத்துக்குத் தெரிந்தது 2002இல், தேடிப் போய்க் கண்டுபிடித்த பிறகு. பதினேழு வருடம் அவர் முகம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது, பெயர் இல்லாமல்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். வாசகர் புகைப்படப் பக்கத்தில் படத்தின் கீழே கேமரா பெயர், லென்ஸ் எத்தனை மி.மீ., எஃப் எண், ஷட்டர் எல்லாம் போடுகிறீர்கள். அதோடு எத்தனை அடி தூரத்தில் நின்று எடுத்தது என்று ஒரு வரியும், படத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன் என்று ஒரு வரியும் கேட்டு வாங்கிப் போடுங்கள். அடியை யாரும் டேப் வைத்து அளக்க வேண்டாம், குத்துமதிப்பாகச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டுடியோக்காரர்,
விருதுநகர் மாவட்டம்